தொண்ணூறில் இரண்டு

38047906151.

மூவாயிரத்து எண்ணூற்று நான்கு கோடியே எழுபத்தொன்பது லட்சத்து ஆறாயிரத்து நூற்று ஐம்பத்தொன்று. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். முப்பது வருடத்தில் நான் எழுதிய புரோகிராம்களில் எதுவும் உடனே நினைவுக்கு வரவில்லை. இந்த எண்தான் வந்தது. ஆகவே இதைப் பற்றியே எழுதுகிறேன். இதில் என்னைப் பாராட்டும்படி ஒன்றும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் கணிதம் படித்துவிட்டு ரொறன்ரோவுக்கு வந்தவள் நான். முதல் வேலை அஜின்கோர்ட்டில், கார் உதிரிப்பாகங்கள் வைத்திருந்த ஒரு களஞ்சியத்தில். பாகங்களின் எண்களைப் பட்டியலோடு ஒப்பிடுவது என் வேலை. அங்கே எனக்கு மேலாளராக இருந்தவர் கயானாவிலிருந்து வந்த ஒரு பெண்மணி. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவர். இரண்டு எண்கள் ஒத்துவராமல் நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தபோது என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "கழித்துப் பார். வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் பிரிந்தால் யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் அப்படி என்பதை என்னால் அரைப் பக்கத்தில் நிறுவியிருக்க முடியும். ஆனால் அதை வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பது நான்கு வருடப் படிப்பில் எனக்குத் தோன்றியதே இல்லை. படித்தது ஓரிடத்தில் இருக்கும், வேலை வேறோரிடத்தில் இருக்கும். இரண்டையும் சேர்ப்பவர் பெரும்பாலும் படித்தவராக இருக்கமாட்டார். அப்போதே இதை நான் விளங்கிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் வந்திருக்காது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஸ்காபரோவில் ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் புரோகிராமராகச் சேர்ந்தேன். அதன் பெயர் வேண்டாம். கிளினிக்குகளிலிருந்து இரத்தம், சிறுநீர், வெட்டி எடுத்த சதைத் துண்டு எல்லாம் அங்கே வரும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் எண் ஒட்டப்படும். பரிசோதித்தவர் முடிவைத் தாளில் எழுதுவார். தட்டச்சுப் பகுதியில் இருப்பவர்கள் அந்த எண்ணையும் முடிவையும் கணினியில் ஏற்றுவார்கள். அந்தரங்கம் கருதித் தாளில் பெயர் போடுவதில்லை. எண் ஒன்றுதான் ஆளுக்கும் முடிவுக்கும் இடையில் இருந்த கயிறு.

பழைய எண்களில் அடிக்கடி பிழை வந்தது. புதிதாகப் பதினொரு இலக்க எண் முறை ஒன்றை அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் ஐந்து இலக்கமும் ஆண்டையும் இடத்தையும் குறிக்கும். அடுத்த ஐந்தும் வரிசை எண். கடைசி இலக்கம் காவல்காரன். முந்திய பத்து இலக்கங்களையும் வைத்துக் கணக்குப் போட்டு அதைத் தீர்மானிப்போம். தட்டும்போது எங்காவது பிழை விட்டால் கணக்கு ஒத்துவராது, கணினி கீச்சென்று கத்தி எண்ணைத் திருப்பி அனுப்பும்.

கணக்கை இரண்டு விதமாகப் போடலாம். ஒன்று பத்தை வைத்து: வலப்பக்கத்தில் இரண்டாம் இலக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். இரட்டித்தது ஒன்பதைத் தாண்டினால் அதிலிருந்து ஒன்பதைக் கழிக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கூட்டினால் பத்தின் மடங்காக வர வேண்டும். பலரும் பயன்படுத்தும் முறைதான். தனி இலக்கம் ஒன்று பிழையானால் கட்டாயம் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடிக்கும், ஒரு சோடியைத் தவிர. பூச்சியத்தை இரட்டித்தால் பூச்சியம். ஒன்பதை இரட்டித்தால் பதினெட்டு, ஒன்பது போக மீண்டும் ஒன்பது. இரட்டித்தாலும் இரட்டிக்காவிட்டாலும் இந்த இரண்டும் மாறுவதில்லை. ஆகவே 09 என்பதை 90 என்றோ 90 என்பதை 09 என்றோ தட்டினால் கூட்டுத்தொகை அப்படியே இருக்கும். கணினி கத்தாது.

மற்றது பதினொன்றை வைத்து: முழு எண்ணும் பதினொன்றால் மீதியின்றி வகுபடும்படி கடைசி இலக்கத்தை வைப்பது. பதினொன்று முதன்மை எண். ஒன்பதோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பக்கத்து இலக்கங்கள் எந்தச் சோடி மாறினாலும் அதன் கண்ணுக்குத் தப்பாது. ஒரு தொல்லை மட்டும் உண்டு. பதினொரு தடவையில் ஒரு தடவை கடைசி இலக்கம் பத்தாக வரும். பத்தை ஓர் இலக்கத்தில் எழுத முடியாது. அதற்கு ஒரு எழுத்தைப் போட வேண்டும், அல்லது அந்த எண்ணையே விட்டுவிட வேண்டும்.

நான் பதினொன்றைத்தான் கேட்டேன். மனேஜர் நல்ல மனிதர், கத்திப் பேசாதவர். "தட்டச்சுப் பகுதியில் எல்லாரிடமும் இருப்பது எண்கள் மட்டும் உள்ள கீபாட். எழுத்துக்கு எங்கே போவது? எண்களை இடையில் விட்டால், காணாமல் போன மாதிரிகள் எங்கே என்று கிளினிக்குகள் கேட்கும். ஜனவரியில் தொடங்க வேண்டும். பத்து முறையில் எவ்வளவு தப்பும், அதைச் சொல்லு" என்றார்.

"அடுத்தடுத்த இலக்கங்கள் மாறக்கூடிய விதங்கள் தொண்ணூறு. அதில் இரண்டு தப்பும்."

"தொண்ணூறில் எண்பத்தெட்டைப் பிடிக்கும். அது போதாதா?"

ஜனவரிக்கு ஆறு வாரம் இருந்தது. அந்த வேலை கிடைக்க நான் பட்ட பாடும் எனக்கு நினைவிருந்தது. "போதும்" என்றேன். முறையை விளக்கும் கையேட்டில் அந்த இரண்டைப் பற்றி ஒரு அடிக்குறிப்பு எழுதியிருந்தேன். இதை வாடிக்கையாளர்களும் பார்ப்பார்கள், ஏன் வீணாகப் பயமுறுத்துகிறாய் என்றார் மனேஜர். எடுத்துவிட்டேன். அதை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தட்டச்சுப் பகுதியில் இருந்தவர்களில் ஒருத்தி றெஜினா. மன்னாரிலிருந்து வந்தவள், கணவனும் இரண்டு சிறு பிள்ளைகளுமாக மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுஸில் இருந்தாள். அவளை அந்த வேலைக்குக் கூட்டிவந்தவளே நான்தான். கீபாட்டைப் பார்க்காமலே தட்டுவாள். நாளொன்றுக்கு முந்நூறு தாள் முடித்துவிட்டு, "அக்கா, உங்கடை மிசின் இண்டைக்கு என்னை ரெண்டே ரெண்டு தரம்தான் ஏசினது" என்று வந்து சொல்வாள். அவளுக்கு அந்தக் கீச்சுச் சத்தத்தில் அவ்வளவு நம்பிக்கை. சத்தம் வராவிட்டால் சரி.

இரண்டாம் வருட இலையுதிர் காலத்தில் ஒரு டொக்டரின் கிளினிக்கிலிருந்து தொலைபேசி வந்தது. பத்து மாதத்துக்கு முன், முந்திய ஆண்டின் எண் வரிசை முடியும் தறுவாயில், ஒரு பெண்ணின் மார்பிலிருந்த சிறு கட்டியில் சதை எடுத்து அனுப்பியிருந்தார்களாம். முடிவு வந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கிளினிக்கின் வழக்கம் என்னவென்றால், பிழை ஏதும் இருந்தால் அழைப்பார்கள், அழைக்காவிட்டால் சுகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். இப்போது கட்டி பெருத்து, அக்குளுக்குள்ளும் பரவி, மறுபடி வந்திருக்கிறார். முதல் பரிசோதனையின் முடிவு எங்கே?

38047906151 என்ற கோப்பைத் திறந்தேன். முடிவுக்கான இடம் வெறுமையாக இருந்தது. ஆனால் அந்தச் சதைத் துண்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்த பதிவு இருந்தது. பார்த்தவர் முடிவு எழுதாமல் விட்டிருக்க மாட்டார். அந்தப் பதிவு நடந்த வாரத்தில் ஏற்றிய முடிவுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மத்தியானம் வரை எடுத்தது. ஒரு முடிவு, அந்த முந்திய ஆண்டின் தொடக்கத்திலேயே மூடப்பட்ட ஒரு கோப்பில் போய் உட்கார்ந்திருந்தது. அந்தக் கோப்புக்குரியவர் கிழவர் ஒருவர், அவருடைய டொக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. கோப்பின் எண் 38047096151.

கழித்தேன். எட்டு லட்சத்துப் பத்தாயிரம். ஒன்பதால் வகுத்தேன். மீதியில்லாமல் தொண்ணூறாயிரம்.

பேனையை எடுத்துப் பத்து முறைப்படி இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். இரண்டுக்கும் நாற்பது. இரண்டும் சரியான எண்கள். பதினொன்றால் வகுத்தேன். ஒன்றுக்கு மீதி இரண்டு, மற்றதற்கு மீதி ஒன்பது; பதினொன்றுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியாது. நான் கேட்ட முறை இருந்திருந்தால் மிசின் கத்தியிருக்கும். அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது. யாருக்கும் காட்டவில்லை.

முடிவில் எழுதியிருந்தது புற்றுநோய் என்று. ஆரம்ப நிலை.

மனேஜரிடம் போய், எண்கள் இடம் மாறியிருக்கின்றன, நாம் பேசிய அந்த இரண்டில் ஒன்று, என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தட்டியது யார்?"

ஒவ்வொரு முடிவிலும் தட்டியவரின் அடையாளக் குறி இருக்கும். அந்த வசதியை எழுதியவளும் நான்தான். "றெஜினா" என்றேன்.

அடுத்த கிழமை அந்தப் பெண்ணின் கணவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதிக்காரர், பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில் வேலை. வேலையுடுப்போடு பஸ் எடுத்து நேரே வந்திருந்தார். ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும். என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். மறுத்திருக்கலாம், வேறு ஆள் எடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சிறிய அறை, நாங்கள் மூன்று பேர்.

மனேஜர் முதலில் வருத்தம் தெரிவித்தார். சொன்னேன். தட்டச்சு செய்த ஊழியர் ஒருவரின் கவனக்குறைவு என்றார். அதையும் சொன்னேன். என் வாயால், என் பாஷையில்.

கணவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு சொன்னார். "கிளினிக்கிலையிருந்து ரெலிபோன் கோல் வரேல்லை எண்டு என்ரை மனிசி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தவள், தங்கச்சி. எல்லாருக்கும் சொன்னவள், எனக்கு ஒண்டுமில்லையாம் எண்டு." நான் அதை மொழிபெயர்த்தேனா என்று நினைவில்லை.

"அந்தப் பிள்ளை பிழையாத் தட்டினது சரி. மனிசர்தானே. பிழை விட்டால் கண்டுபிடிக்க ஒரு வழி வைச்சிருக்கேல்லையோ?"

ஒரு சோதனை இருக்கிறது, எந்தச் சோதனையும் நூறு வீதம் பிடிக்காது என்று சொல்லு, என்றார் மனேஜர்.

"எத்தினை தப்பும்?"

இதை நான் மனேஜரிடம் கேட்கவில்லை. நானே சொன்னேன். "இலக்கம் இடம் மாறினால் தொண்ணூறிலை ரெண்டு தப்பும், அண்ணை."

அவர் யோசித்தார். கோபம் இல்லை. விளங்கிக்கொள்ளப் பார்த்தார். "உது உங்களுக்கு முதலே தெரியுமோ, இல்லாட்டி இப்பதான் கண்டுபிடிச்சதோ?"

மனேஜருக்குத் தமிழ் தெரியாது. அந்த அறையில் அந்தக் கேள்வி விளங்கியது எங்கள் இருவருக்கும் மட்டும். என்ன சொன்னாலும் என்னைத் திருத்த ஆளில்லை. உண்மையைச் சொல்லாதே என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

"இப்பதான்" என்றேன்.

"என்ன கேட்கிறார்?" என்றார் மனேஜர்.

"சோதனை எப்படி வேலை செய்கிறது என்று கேட்கிறார்."

"அப்ப ஆரையும் குறை சொல்லேலாது" என்றார் அந்த மனிதர். எழுந்து எனக்குக் கை தந்தார். "நீங்கள் இருந்தது நல்லதாப் போச்சு, தங்கச்சி. தமிழிலை கேட்டால்தான் மனசுக்கு விளங்குது."

நெருக்கடியில் எப்படித் தீர்மானம் எடுப்பது என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்புகளில் சொல்லித் தருவார்கள். நேரம் போதாது, தகவல் போதாது, மேலிடத்து அழுத்தம் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அன்று எல்லாம் போதுமானதாகவே இருந்தது. மேலிடம் பக்கத்தில் இருந்தும் ஒன்றும் விளங்காமல் இருந்தது. நான் தனியாகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயமா? அதுகூட இல்லை. அந்த மனிதர் என்னை ஏறிட்டுப் பார்க்கும் பார்வை மாறிவிடுமே என்று பயந்தேன். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை றெஜினாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவள் என் மேசைக்கு வந்தாள். அழவில்லை, குழம்பிப்போயிருந்தாள். "அக்கா, நான் பிழையாத் தட்டியிருந்தால் மிசின் கத்தியிருக்கும்தானே? அது நம்பரை எடுத்துது அக்கா. எடுத்தபடியால்தானே நான் அடுத்ததுக்குப் போனனான். நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ அவைக்கு."

"நான் கதைச்சுப் பாக்கிறன்" என்றேன்.

கதைக்கவில்லை. திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று தள்ளிப்போட்டேன். குளிர்காலம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு மருந்து ஏற்றுகிறார்கள், பலன் இல்லை என்று கிளினிக்கிலிருந்து கேள்விப்பட்டோம். பனி கரையும் நாட்களில் அவர் இறந்துவிட்டார். எனக்கு அவர் பெயர் தெரியாது. அவரைப் பார்த்ததும் இல்லை. எங்கள் கோப்பில் அவர் பதினொரு இலக்கம்.

அதன் பிறகுதான் கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன்: பதினொன்றைக் கேட்டது, போதும் என்றது, அடிக்குறிப்பை எடுத்தது, கணவரிடம் இப்பதான் என்று சொன்னது. கூடத்தின் இயக்குநர்களுக்கு ஒரு பிரதி, கணவருக்கு ஒரு பிரதி. இயக்குநர்கள் வழக்கறிஞரைக் கூப்பிட்டார்கள். வழக்கறிஞர் என்னிடம் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார், பிறகு இனி இதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம் என்றார். என்னை நிறுத்தவில்லை. அந்த முறையை விளங்கியவள் நான் ஒருத்திதானே. அடுத்த ஆண்டு சத்தம் போடாமல் பதினொன்றுக்கு மாறினார்கள். கடைசி இலக்கம் பத்தாக வரும் எண்களை விட்டுவிட்டோம். காணாமல் போன மாதிரிகள் எங்கே என்று ஒரு கிளினிக்கும் கேட்கவில்லை. ஒன்றுகூட.

கணவரிடமிருந்து பதில் வரவில்லை. கடிதம் திரும்பியும் வரவில்லை.

றெஜினாவைத் திரும்ப எடுக்கும்படி கேட்டேன். முடியாது என்றார்கள். எடுத்தால் நிறுத்தியது பிழை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். ஒரு சனிக்கிழமை மல்வேர்னுக்குப் போனேன். அவள் அப்போது ஒரு கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். விரல்கள் வீங்கியிருந்தன. தேத்தண்ணி தந்தாள். குசினி மேசையில் எதிரெதிரே இருந்தோம்.

அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பூச்சியம் இரட்டித்தாலும் பூச்சியம், ஒன்பது இரட்டித்தாலும் ஒன்பது, அதனால்தான் மிசின் கத்தவில்லை, உன்னில் பிழை இல்லை என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தபோது அந்த நினைப்பும் பிழை என்று தெரிந்தது.

"அப்ப உங்களுக்கு முதலே தெரியும்."

"ஓம்."

"தொடங்கின நாளிலையிருந்து?"

"ஓம்."

அவள் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "எனக்கு ஒரு வசனம் சொல்லியிருக்கலாமே அக்கா. பூச்சியமும் ஒன்பதும் பக்கத்திலை வந்தால் மிசினை நம்பாதை, திருப்பிப் பார் எண்டு. ஒரு நாளைக்கு இருபது தாள் வருமோ அப்பிடி? திருப்பிப் பாத்திருப்பன். நாங்கள் எல்லாரும் பாத்திருப்பம்."

நான் மனேஜரோடு பத்தா பதினொன்றா என்று வாதாடியிருக்கிறேன். கீபாட்டில் எழுத்து உண்டா இல்லையா என்று அலைந்திருக்கிறேன். தட்டச்சுப் பகுதி என் மேசையிலிருந்து இருபது அடி. அங்கே போய் இதைச் சொல்லலாம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. அதற்கு ஜனவரி தடையில்லை, செலவில்லை, ஒருவருடைய அனுமதியும் வேண்டாம்.

"ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

பொய் சொல்லக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டுதான் அங்கே போயிருந்தேன். "உங்களுக்கு விளங்காது எண்டு நினைச்சன்" என்றேன்.

"பூச்சியமும் ஒன்பதுமோ அக்கா?" என்றாள். "எனக்கு விளங்காதோ?"

மேலே பிள்ளை ஒன்று கூப்பிட்டது. "வாறன்" என்று குரல் கொடுத்து எழுந்தாள். படியில் ஏறியபடியே, நான் போகும்போது கதவை இழுத்துச் சாத்திவிடச் சொன்னாள். சாத்திவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு றெஜினா என்னோடு கதைக்கவில்லை.